நாலு விரற்கடை

தாராவி மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி,
மூன்றாம் மாடி, ஏழாம் வகுப்பு.
ஜூன் கடைசியில் வந்து இறங்கியது ஸ்மார்ட் போர்டு.
படிக்கட்டுத் திருப்பத்தில்
சாய்த்து, நிமிர்த்தி, ஒருக்களித்து
கல்யாணச் சீர் பீரோவைப் போல ஏற்றினார்கள்.

மாட்டிய அன்றே தெரிந்துவிட்டது.
தொட்ட இடத்தில் புள்ளி விழாது.
நாலு விரற்கடை இடப்பக்கம் தள்ளி விழும்.
கம்பெனிக்குப் போன் போட்டேன்.
ஒன்றை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன்.
மூன்றை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன்.
போனில் மட்டும்
தொட்ட இடத்திலேயே எண் விழுந்தது.

சூட்சுமத்தை முதலில் பிடித்தவள் சந்தனமாரி.
பதின்மூன்றாம் காம்பவுண்டில்
பழைய கம்ப்யூட்டர் பிரிக்கிறவர் மகள்,
கீபோர்டுப் பொத்தான்களைக் கிலோ கணக்கில் பார்த்தவள்.
"மெஷின் பொய் சொல்லல டீச்சர்,
ஒரே அளவுலதான் தப்புப் பண்ணுது."
அன்றிலிருந்து என் வகுப்பு
எழுத வேண்டிய இடத்துக்கு
நாலு விரல் வலப்பக்கம் கை வைக்கிறது.
எனக்குத்தான் பாதி எழுத்தில் மறந்துவிடும்.
கொம்பு ஒரு ஊரில், கால் ஒரு ஊரில்.

ஜூலை. நீர்ச்சுழற்சிப் பாடம்.
பென் டிரைவில் வந்த வீடியோவில்
இஸ்திரி போட்ட தமிழில் ஒரு பெண்குரல்:
"ஆதவனின் வெப்பத்தால் நீரானது ஆவியாகி மேலெழும்புகிறது."
"ஆதவன் யாரு?" என்றாள் நஸ்ரின்.
"நாலாம் கிளாஸ்ல நம்மகூடப் படிச்சானே,
நாலாசோபாராவுக்கு வீடு மாறிப் போயிட்டான்."

திரையில் ஆறு ஓடியது.
இசக்கிராஜ் எழுந்து நின்றான்.
"கலர் செட்டிங் தப்பா இருக்கு டீச்சர்,
ஆறு நீலமாத் தெரியுது."
அவன் பார்த்த ஒரே ஆறு மித்தி.
பாலத்துக்குக் கீழே கறுப்பாக,
தெர்மாகோலும் செருப்பும் சுமந்து.
ரிமோட்டைப் பிடித்தபடி நின்றேன்,
எதை மாற்றச் சொல்கிறான் என்று விளங்காமல்.

அப்போதுதான் பிடித்தது மழை.
மேலே தகரத்தில்
அரிசி மூட்டை அவிழ்ந்த சத்தம்.
ஒலியைக் கூட்டினேன். ஸ்பீக்கர் கரகரத்தது.
இன்னும் கூட்டினேன்.
பிறகு அணைத்தேன்.

ஊமைப் படத்தில் ஆவி கிளம்பியது.
யார் முதலில் கத்தினார்கள் என்று தெரியவில்லை.
"கர்ஜத் ஃபாஸ்ட்டு! குர்லாவுல மட்டும் நிக்கும்!"
கடலிலிருந்து ஏறுகிறவர்களை
உள்ளே தள்ளினார்கள், நெருக்கினார்கள்.
"மேல எடமில்ல, எடமில்ல,
மலை வந்துருச்சு, எறங்கு எறங்கு எறங்கு!"
மேகத்துக்கு நஸ்ரின்.
மலைக்கு இரண்டு பேர் சண்டை.
ஆற்றுக்கு மட்டும் ஆளில்லை.

கடைசி பெஞ்சில் ஜெபஸ்டின்.
வருகைப் பதிவுக்கு மட்டும் வாய் திறப்பவன்.
"நான் கறுப்பா வரேன்" என்றான்.
"எல்லாத்தையும் தூக்கிட்டு வரேன்.
யாரும் மூக்கைப் பொத்தாதீங்க."

மழை நின்ற பிறகும்
ஒலியைத் திருப்பிவைக்கக் கை வரவில்லை.

ஆகஸ்டில் பெட்ணேகர் சார் பட்டியலோடு வந்தார்.
போர்டுக்குள்ளே ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறானாம்.
எத்தனை மணி எரிந்தது, எந்தப் பாடம்,
எல்லாம் எழுதிவைக்கிறானாம்.
மராத்தியில் கேட்டார், இந்தியில் சொன்னேன்.
"பதினொரு நாள் இதே வீடியோ.
பதினொரு நாளும் ஒலி பூஜ்யம். ஸ்பீக்கர் ரிப்பேரா?"
"ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது சார்."
படிவத்தின் மேல்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு அவரே போர்டில்
கையெழுத்துப் போட்டுப் பார்த்தார்.
தள்ளி விழுந்தது.
அழித்தார், போட்டார். மறுபடியும்.
சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு
எழுந்து வந்தாள் சந்தனமாரி.
அவருடைய முழங்கையை மெல்லத் தொட்டு
"தோடா ரைட் மே, சார்" என்றாள்.